கேட்ட இடமும் நிரப்பிய இடமும்

வடிவு இதைப் புகை என்றுதான் சொல்லுவாள், புகை பிடிச்சாச்சா அக்கா என்று காலையில் கேட்பாள், திருத்துவதை நான் விட்டுவிட்டேன், கடல்நீரைவிடக் கரிக்கும் உப்புநீரை இந்தச் சிறிய இயந்திரம் அடித்துச் சிதறடித்து முகமூடிக்குள் அனுப்புகிறது, நான் இழுக்கிறேன், இழுத்ததைச் சற்று நிறுத்திவைக்கிறேன், விடுகிறேன், உதட்டில் உப்புப் படிகிறது, மூக்குக்கண்ணாடி மங்குகிறது, மார்பின் வலப்பக்கத்து நடுவில், டாக்டர் அமலன் படத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து விரலால் வட்டம் போட்டுக் காட்டிய இடத்தில், ஏதோ இளகுகிறது, அல்லது இளகுவதாக நான் எண்ணிக்கொள்கிறேன், இளகியது சளியாக மேலேறி வரவேண்டும், வந்தால் நிறம் பார்க்கவேண்டும், அதற்குப் பிறகு ஃபுளோரா சிஸ்டர் வருவார், வந்து ஊசி போடுவார். இன்று தொடங்குகிறது. முன்பு ஒருமுறை இதே ஊசி என் காதிலிருந்து கீச்சென்ற உச்சத்துச் சத்தங்களைக் கொண்டுபோனது, அதனால் பாதியில் நிறுத்தினார்கள், நிறுத்தியபின் நுரையீரலில் கிருமி திரும்பிவந்தது, இப்போது மறுபடியும் அந்த ஊசியே, காது தாங்குமென்றால் மட்டும் என்று டாக்டர் நிபந்தனை வைத்தார், இன்னும் கொஞ்சம் போனால் பேச்சே கேட்காமல் ஆகிவிடும், போனது திரும்பாது என்றார், காதைச் சோதித்தார்கள், வயதுக்கு நல்ல காது என்று முடிவு வந்தது, ஊசியை நிறுத்திய சமயத்தில் இருந்ததைவிட மேல் என்றுகூட வந்தது, வடிவு அன்று கேசரி கிண்டினாள். அந்தக் கேசரியை இப்போது நினைக்கப் பிடிக்கவில்லை.

காசத்துக்குப் பங்காளி என்பதுதான் டாக்டர் முதல்நாள் சொன்ன சொல். காசநோய்க் கிருமிக்கு இது பங்காளி மாதிரி மேடம், ஆனா ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்கு ஒட்டாது, தண்ணியிலயும் மண்ணுலயும் எங்கயும் இருக்கு, எல்லாரும் தினமும் உள்ளே இழுக்கத்தான் செய்யுதோம், சிலர்கிட்ட மட்டும் தங்கிருது. எந்தத் தண்ணீர் என்று கேட்டேன். அவர் சிரித்தார், சிரிப்பில் இரக்கம் இருந்தது, அதைச் சொல்லமுடியாது என்றார். நாட்டார் பாடல் வகுப்பில் பல ஆண்டுகள் நான் நின்று சொன்னதும் அதுதான், ஒரு பாட்டுக்கு மூலம் எது என்று தேடாதீர்கள், பாடியவர் வாயில் வந்தபோது ஒவ்வொன்றும் மூலமே, வேறுபாடுகளை அருகருகே வையுங்கள், தாய்ப்பாடம் என்ற ஒன்றைக் கற்பனை செய்துகொண்டு அதன் பின்னால் ஓடாதீர்கள். அதைச் சொன்ன வாயாலேயே இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறேன், எந்தத் தண்ணீர், சுரண்டைக்கு அப்பால் பாட்டுப் பதியப் போன ஒரு வீட்டில் பித்தளைச் செம்பில் கொடுத்த தண்ணீரா, கல்லூரி விடுதியின் துருப்பிடித்த பூவாளிக் குழாயா, ஒலிநாடாப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு நீரில் கடந்த ஓடையா, அல்லது இந்த வீட்டிலேயே, பாளையங்கோட்டையில் மூன்றாம் மாடியில், பால்கனியில் நான் மண்ணைக் கிளறிக் கிளறி வளர்த்த பிச்சிச் செடியா. ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்க்கிறேன், எல்லாமே பொருந்துகின்றன, எல்லாமே விலகுகின்றன. இம்முறை ஆய்வுக்கூடம் இன்னொன்றும் சொன்னது, திரும்பி வந்திருப்பது பழைய கிருமியில்லை, அதே இனத்தில் வேறொரு வகை, அதாவது பழையது போய்விட்டது, புதியது வந்து பழையதன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அப்படியென்றால் அந்த ஒன்றரை ஆண்டு மாத்திரைகள் வென்றன. வென்றபின் நான் குளித்தேன், தண்ணீர் குடித்தேன், மூச்சு விட்டேன். வேறென்ன செய்தேன்.

வடிவு என் தங்கை. கணவர் இறந்தபின் இங்கே வந்தவள், நான் மணம் செய்துகொள்ளாதவள், இரண்டு பேரும் சேர்ந்து இந்த நோயைக் குடித்தனம் வைத்திருக்கிறோம். இந்த வீட்டுக் குளியலறையின் பூவாளிக் குழாயைக் கழற்றியது அவள்தான், பிச்சித் தொட்டிகளை ஒரே மாலையில் கீழ்வீட்டுக்குத் தள்ளிவிட்டவளும் அவளே, குடிக்கும் நீரைக் கொதிக்கவைத்து, கொதித்தபின்னும் நம்பாமல் இன்னும் கொஞ்சம் கொதிக்கவைத்து, ஆறும்வரை யாரையும் தொடவிடமாட்டாள். இப்போது அடுப்படியிலிருந்து வந்து நிற்கிறாள், அவளுடைய புடவையில் கடுகு தாளித்த மணம் இருக்கவேண்டும், எனக்கு உப்பு மட்டும்தான் மணக்கிறது.

"ஏக்கா, முழுசா இழுத்தியா, இல்ல பாதியில ஏச்சுட்டு உக்காந்திருக்கியா?"

"இன்னும் கொஞ்சம் இருக்குட்டி."

"இருந்தா இழு. கண்ணை மூடிக்கிட்டு எந்தக் குளத்துக்குப் போயிட்டெ?"

"எங்கயும் போகலை. இங்கனதான் இருக்கேன்."

"ஆமா, நீ இங்கன இருந்த நாளை விரல் விட்டு எண்ணிறலாம். அந்தப் பிள்ளைய இன்னுமா வெளிய தூக்கலை? நாப்பது வருசமா கழுத்து மட்டும் மண்ணுல நிக்காளே, பாவம், காலு கடுக்காதா அவளுக்கு?"

சிரிக்கக்கூடாது, சிரித்தால் இருமல் வரும், சிரித்தேன், வந்தது. வடிவு பின்னால் வந்து முதுகில் கையைக் குவித்துத் தட்டுகிறாள், மேலிருந்து கீழாக, உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் காட்டியபடி, ஆனால் அந்தப் பெண்ணைவிடப் பலமாக, தட்டும் சத்தம் எலும்புக்குள் கேட்கிறது. கேட்கிறது என்பதா, உணர்கிறேன் என்பதா. அவள் சொன்ன பிள்ளை என் பாட்டுக்காரி, நிற்காமல் உடைந்துகொண்டிருந்த ஒரு குளக்கரை நிற்பதற்காக உயிரோடு கரைக்குள் நிறுத்தி மண் தள்ளி மூடப்பட்ட பெண், அவளைப் பற்றிய கதைப்பாடலைப் பல ஊர்களில் பல பெண்கள் பாடினார்கள், ஒவ்வொருவர் பாடியதையும் ஒவ்வொரு பத்தியாக அருகருகே அடுக்குவதே என் வேலை, முடியப்போகிறது, முடியப்போகிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கும் வேலை. மண் கழுத்துக்கு வரும்போது அவள் ஒரு சொல் சொல்லுவாள், ஒருத்தி பாட்டில் ஊரைச் சபிக்கிறாள், ஒருத்தி பாட்டில் கரை நிற்கட்டும் என்று வாழ்த்துகிறாள், ஒருத்தி பாட்டில் தலைமுடி மண்ணாகிறதே என்று அழுகிறாள், சுடலி என்பவள் பாடியதில் மட்டும் அந்த இடத்தில் குரல் சட்டென்று தாழ்ந்து போகிறது, நாடாவில் காற்று இரைகிறது, காற்றுக்கு அடியில் ஏதோ இருக்கிறது, இரண்டு வரி இருக்கலாம், வரிகளே இல்லாமலும் இருக்கலாம். சுடலியின் பத்தியில் அங்கே புள்ளிகள் வைத்திருக்கிறேன். மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினேன், இரைச்சல்தான் மேடம் என்றார்கள். கணினியில் தூய்மைப்படுத்திக் கொடுத்தார்கள், இரைச்சலோடு அதுவும் போய்விட்டது. ஆகவே காது வேண்டும், என்னுடைய காது, அவளுக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தியின் காது, வேறு யாருடையதும் பயன்படாது. அவள் வாயை நான் பார்த்தேன், அசைந்தது. அசைந்ததா.

சளி வந்தது, வெளிறிய பச்சை, ஓரத்தில் ஒரு நூல் சிவப்பு. மூடிபோட்ட குப்பியில் துப்பி வடிவிடம் கொடுக்காமல் நானே மூடினேன். நூல் சிவப்பு இருந்தால் சொல்லவேண்டும் என்று உத்தரவு, சொல்லுவேன், பிறகு. இருமல் ஓயும்வரை முன்னால் குனிந்து முழங்கால்களைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது டாக்டர் கேட்ட கேள்வி வந்து நிற்கிறது, எப்போதும் இந்த இடத்தில்தான் வருகிறது, உங்களுக்கு இருமலை அடக்குற பழக்கம் உண்டா மேடம், நாலு பேர் முன்னால இருமக்கூடாதுன்னு சில பெண்கள் அடக்கி அடக்கி வச்சிருவாங்க, உள்ளே தேங்குறது வெளியே வராமப் போய் அந்த நடுப்பகுதியில கிருமி தங்குதுன்னு ஒரு கருத்து இருக்கு, நிரூபிக்கலை, கருத்துதான். அடக்கியிருக்கிறேன், மரியாதைக்காக அல்ல, நாடாவுக்காக. ஒருத்தி ஒருமுறைதான் பாடுவாள், இரண்டாவது முறை பாடினால் அது வேறு பாட்டு. என் ஒலிநாடாக்களில் நாய் குரைக்கும், பேருந்து கியர் மாற்றும், பிள்ளை அழும், பாடுகிறவளே கனைத்துத் துப்புவாள், நான் இருமமாட்டேன். தொண்டையில் அரிப்பு ஏறும்போது நாக்கை அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வர, மூச்சை மெல்ல மெல்ல உள்ளுக்கே விழுங்கிக்கொள்வேன், அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது, புழுதியும் அடுப்புப் புகையும் சேர்ந்த அந்தச் சிறு அறைகளில் விழுங்கிய மூச்சுகள் எல்லாம் எங்கே போயின. நிரூபிக்கவில்லை என்றார். நிரூபித்தால் மட்டும் என்ன செய்வது, எந்த நாடாவில் போய் இருமிவிட்டு வருவது.

இயந்திரம் நின்றது. நின்றது என்று தெரிவது கையிலிருந்த அதிர்வு நின்றதால். வடிவு முகமூடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு, காய்ச்சல் இருந்தா சிஸ்டர் வந்த வழியே திரும்பிப் போயிருவாங்களாம், இதை வை என்று நாக்கடியில் வெப்பமானியைச் செருகிவிட்டுப் போனாள், சத்தம் வந்ததும் எடுக்கவேண்டும், வாயை மூடிக்கொண்டு சத்தத்துக்குக் காத்திருக்கிறேன். காத்திருப்பது எனக்குப் பழகியது. காதைச் சோதித்த அந்தக் கண்ணாடிக் கூண்டிலும் இப்படித்தான் காத்திருந்தேன், கதவைச் சாத்தியதும் உலகம் பஞ்சுக்குள் போய்விட்டது, என் காதில் கனத்த ஹெட்ஃபோனை மாட்டிய அந்தப் பெண், ஷிஃபானா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தாள், எவ்வளவு சின்னதாக் கேட்டாலும் அமுக்குங்கம்மா என்று கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். முதலில் தெளிவாகக் கேட்டது, மும்மூன்றாகச் சிறு ஒலிகள், கொஞ்சம் இடைவெளி, மறுபடி அவை, ஒருபடி மெலிந்து, மறுபடி, இன்னும் மெலிந்து, தேயும் வரை இறங்கும், பிறகு ஒருபடி ஏறும், ஏறி இறங்கும். இரண்டாவது சுற்றிலேயே அதன் நடை எனக்குப் பிடிபட்டுவிட்டது, பிடிபடாமல் இருக்குமா, ஒரு வரி முடியும்போது அடுத்த வரி எங்கே விழும் என்று அறிவதற்காகவே வாழ்ந்தவள், இடைவெளி எப்போதும் ஒரே அளவு, அந்தப் பெண் ஒழுங்கானவள், தாளம் தவறாதவள், கண்ணாடிக்கு அப்பால் அவளுடைய தோள் மிக இலேசாக முன்னால் சாயும், சாய்ந்ததும் ஒலி இருக்கும். ஒலி இருந்தது. மெலிந்து மெலிந்து போனபின்னும் இருந்தது, இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது, என் கட்டைவிரல் இறங்கியது. கேட்டுத்தான் அமுக்கினேன். அப்படித்தான் அப்போது நினைத்தேன், இப்போதும் அந்தக் கூண்டை நினைத்தால் அந்த ஒலிகள் கேட்கின்றன, இழைபோல, ஊசிமுனைபோல. பொய் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. சூப்பர்ம்மா, என் அம்மாவைவிட உங்களுக்கு நல்லாக் கேக்குது என்றாள் வெளியே வந்ததும். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததால் அந்த வாக்கியமும் முழுதாகக் கேட்டது. ஆனால் ஊசி கொண்டுபோனது திரும்பாது என்று சொன்னவர் டாக்டர். திரும்பாதது எப்படி மேலானது. இந்தக் கேள்வியைக் கேசரித் தட்டு கையிலிருக்கும்போதே கேட்டிருக்கவேண்டும், அப்போது கேட்கவில்லை, வடிவின் முகம் அவ்வளவு மலர்ந்திருந்தது, இப்போது இந்த வெப்பமானி இன்னும் ஏன்

"ஏக்கா, அதை எடுக்கக் கூடாதா? அது கத்தி எம்புட்டு நேரமாச்சு, அடுப்படிக்குக் கேக்குது எனக்கு."

வடிவு எதிரே நிற்கிறாள். என் வாயிலிருந்து அதை அவளே உருவினாள்.

"நெனைப்பு எங்கயோ போயிட்டு," என்றேன்.

"அதான் சொன்னேன், நீ குளத்துக்குப் போயிட்டேன்னு," என்றாள், ஆனால் அதில் விளையாட்டு இல்லை, அளவைப் பார்த்தாள், காய்ச்சல் இல்லை என்றாள், துடைத்துக்கொண்டே என் முதுகுப்பக்கமாகப் போனாள். எதிரில் பீரோவின் நிலைக்கண்ணாடி இருக்கிறது, அதை அவள் மறந்துவிட்டாள். கண்ணாடியில் என் பின்தலைக்கு அருகில் அவள் கை, கையில் அந்தச் சிறு குச்சி, கட்டைவிரல் அதன் பொத்தானை அமுக்குகிறது, அமுக்கினால் அது ஒருமுறை கத்தும், எல்லா வீட்டிலும் கத்தும், விடுகிறாள், அமுக்குகிறாள், இன்னும் நெருங்கிக் காதுமடலை ஒட்டிவைத்து அமுக்குகிறாள். எனக்கு மின்விசிறி கேட்டது. கீழே தெருவில் ஆட்டோ கேட்டது. அவள் விரலின் இறக்கத்தைப் பார்த்து அந்தக் கத்தலைக்கூட நான் கேட்டிருக்க முடியும், கண்ணை மூடிக்கொண்டேன், மூடியதும் ஒன்றுமில்லை. திறந்தபோது கண்ணாடியில் வடிவு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்க்கிறாள் என்று தெரியவில்லை. அவள் குச்சியை அதன் உறைக்குள் போட்டு, சாவகாசமாக, உறையை மேசையில் வைத்தாள், இட்லி ஆறுது என்றாள், போனாள்.

சொல்லிவிட்டால் ஊசி இல்லை. இரண்டு பக்கமும் பரவியிருப்பதால் வெட்டியெடுக்க வழியில்லை என்று முன்பே சொல்லியாயிற்று, மாத்திரைகளுக்கு மட்டும் இந்தப் புதிய வகை மசியாது, அப்போ மாத்திரையை மட்டும் வச்சுக்கிட்டு என்று தொடங்கிய டாக்டர் பேனாவை மேசையில் உருட்டினார், வாக்கியத்தை முடிக்கவில்லை, முடிக்காத வாக்கியங்களை முடிப்பது என் தொழில், முடித்துக்கொண்டேன். படியேற முடியாமல் போகும், பிறகு குளியலறைக்கு நடக்க முடியாமல், பிறகு உட்கார்ந்தபடி தூங்குவது, மூக்கில் குழாய், சுடலியின் நாடாவைப் போட்டுக்கொண்டு கிடக்கலாம், குழாயின் இரைச்சலுக்கு அடியில் காற்றின் இரைச்சல், அதற்கடியில் அவள். சொல்லாவிட்டால் ஊசி உண்டு, கிருமி அடங்கலாம், லாம் என்றுதான் அவரும் சொன்னார், காது முதலில் உச்சத்தை விடும், அதை விட்டாயிற்று, அடுத்து ச என்ற எழுத்தை விடும், பிறகு த, பேச்சு தண்ணீருக்கடியில் நடப்பதுபோல ஆகும், பின்பு வடிவின் வாய் அசையும், அவள் இன்னதுதான் சொல்லுவாள் என்று நான் அறிந்ததால் அவள் சொன்னது எனக்குக் கேட்கும், அவள் சொல்லாததும் கேட்கும். அதுதான் இப்போது எல்லாவற்றையும்விட வந்து அழுத்துகிறது, நுரையீரலைவிட. கூண்டுக்குள் நான் கேட்டவை கேட்டவையா. என் பத்திகளில் நாடா தேய்ந்த இடங்களை, நாய் குரைத்த இடங்களை, பாடுகிறவள் முகத்தைத் திருப்பிக்கொண்ட இடங்களை நான் பலமுறை திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு எழுதினேன், ஐயமில்லாமல் கேட்ட பிறகே எழுதினேன், அந்த ஐயமின்மையை நான் அறிவேன், அது எப்படி இருக்கும் என்று என் உடம்புக்குத் தெரியும், கட்டைவிரல் இறங்கும்போது இருந்ததே, அதே ஐயமின்மை. வேறுபாடுகளே இல்லாமல் நான் ஒருத்தியே பல ஊர்க் குரல்களில் பாடியிருக்கிறேனா. திரும்பிப்போய்ச் சரிபார்க்கவேண்டும், ஒவ்வொரு நாடாவையும், முதலிலிருந்து, ஆனால் எந்தக் காதால். பழைய காது எழுதிவைத்ததை அதைவிட மோசமான இன்றைய காதால் எப்படிச் சரிபார்ப்பது. புள்ளி வைத்த இடம் ஒன்றே எனக்கு நிச்சயம். அங்கே நான் எதையும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறேன், அந்த ஒரு இடம் மட்டும் உண்மை, மற்றவை எப்படியோ.

வடிவு வாசலுக்குப் போகிறாள், மணி அடித்திருக்கவேண்டும். ஃபுளோரா சிஸ்டர் வாயையும் மூக்கையும் மூடிய வெள்ளைக் கவசத்தோடு உள்ளே வந்தார், பையை மேசைமேல் வைத்தார், கை கழுவினார், கவசத்துக்கு மேலே கண்கள் சிரித்தன, உதடுகள் இல்லாத பேச்சு எனக்குக் கரைந்து வந்தது, மேடம் என்பதும் நரம்பு என்பதும் மட்டும் மிதந்தன, நான் தலையாட்டினேன். பிறகு அவர் கவசத்தைத் தாழ்த்திக்கொண்டு எங்கள் இருவருக்கும் பொதுவாகச் சொன்னார்.

"போடுறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டுக்கிடச் சொன்னார் டாக்டர். டெஸ்ட் நல்லாத்தான் வந்திருக்காம், ஆனாலும் வீட்டுல எப்படி இருக்காங்க, சின்னச் சத்தம்லாம் கேக்குதா? கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் இன்னைக்கு மருந்தை உடைக்கவே கூடாதுன்னுட்டார்."

நான் பேசவேண்டிய இடம். வாயைத் திறந்தேன், மூச்சு போதவில்லை, ஒரு மூச்சு இழுப்பதற்கான அந்த இடைவெளியில் வடிவு என் தோளில் கைவைத்தாள்.

"அதெல்லாம் ஒரு குறையும் இல்லை சிஸ்டர். அடுப்படியில நான் முணுமுணுக்கிறது கூடக் கேக்குது அவளுக்கு, ரகசியம் பேச முடியலை இந்த வீட்டுல. நீங்க உடைங்க."

அவளுக்கு எப்போதும் அடிவயிற்றிலிருந்து வரும் கட்டைக் குரல், என் காது கடைசியாக விடப்போகும் குரல் அதுவாகத்தான் இருக்கும், ஒரு எழுத்தும் உதிராமல் அத்தனையும் எனக்குக் கேட்டது. தோளில் இருந்த விரல்கள் துணியைச் சுருட்டிப் பிடித்தன. பொய் சொல்லும்போது சின்ன வயதிலும் கைக்கு அகப்பட்டதை அவள் அப்படித்தான் சுருட்டுவாள். அப்போது நான் காட்டிக்கொடுத்துவிடுவேன், அம்மாவிடம் அடி வாங்குவாள். சிஸ்டர் சிரித்தார், மருந்துக் குப்பியின் கழுத்தை ஒடித்தார், ஒடித்த சத்தம் எனக்கு வரவில்லை, பஞ்சை நனைத்தார், என்னைப் பார்த்தார், சொல்வதற்கு இன்னும் இடம் இருந்தது, நனைந்த பஞ்சின் குளிர்ச்சி வலது முழங்கையின் மடிப்பில் படும்வரை இருந்தது.

"இடது கையில போடுங்க சிஸ்டர்," என்றேன், "வலது கை எழுதணும்."

என்னத்தை எழுத என்று வடிவு கேட்கவில்லை. வேறெந்த நாளாக இருந்தாலும் கேட்டிருப்பாள்.